உன் நாற்காலி இருக்கிறதா என்று கேட்டாயே

உப்பளம், புதுச்சேரி.
மூன்றாம் மாடி, ஜன்னலோரம்.
வியாழக்கிழமை, காலை பத்தேகால்.

ரெட்டியார்பாளையத்தில், பூண்டு வாசனைக்கும் சாம்பிராணிப் புகைக்கும் நடுவே சிறை வைக்கப்பட்டிருக்கும் சௌபாக்கியவதி கலைவாணிக்கு, உன் தாய்மாமனும், மேட்டுப்பாளையம் சோப்புத் தொழிற்சாலையின் முன்னாள் சரக்கு அனுப்பும் மேற்பார்வையாளனும், இந்துமகா சமுத்திரத்தின் இரு கரைகளிலும் குறை தீர்க்கும் சக்கரவர்த்தியுமாகிய கமலக்கண்ணன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தை ஆதிலட்சுமியும் ஆபீஸ் காபி மெஷினும் நலம். அங்கு நீயும், பிறந்து இருபத்தாறு நாளான என் பேத்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமில்லாமல் இருக்க உன் அம்மா, என் அக்கா அமுதவல்லி, அனுமதி தர மாட்டாள்.

உனக்குச் சாப்பாடு அனுப்பித் திரும்பி வந்த கேரியரை நேற்று உன் அத்தை கழுவ எடுத்தபோது அடித்தட்டில் ஒரு மாத்திரைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் கண்மைப் பென்சிலால் ஐந்தே சொல்: ‘மாமா, ஆபீஸ்ல என் நாற்காலி இருக்கா?’ பிள்ளை பெற்ற உடம்பு போன் பார்த்தால் கண் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று அக்கா உன் கைப்பேசியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்ததும், நாற்பது நாள் முடியும் வரை ஆபீஸ் பேச்சை எடுக்கிறவன் வாசப்படி ஏறக்கூடாது என்று சட்டம் போட்டதும் எனக்குத் தெரியும். நானே மூன்று தடவை வந்து பார்த்துவிட்டேன். “கொழந்தைய பாத்துட்டியா? பாத்துட்டல்ல? கெளம்பு. ஆபீஸ் மூஞ்சிய வச்சிக்கிட்டு பச்ச உடம்புக்காரி முன்னாடி நிக்காத” என்று அறுபது வயது ஆண்மகனை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஆகவே இந்தக் கடிதம் இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, பால்சுறா புட்டுக்கு அடியில், ராஜாங்க ரகசியமாக வருகிறது. மீன் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள். அந்தக் காலத்து கவர்னர்களுக்கு வந்த கடிதங்களில் வேறு என்னென்ன வாசனை அடித்ததோ, யார் கண்டது.

நாற்காலி இருக்கிறதா இல்லையா என்பதற்குப் பதில் கடைசியில் வரும். ஐந்து சொல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் எழுதினால் அப்புறம் நான் எதற்கு, என் பேனா எதற்கு? குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நிதானமாகப் படி.

முதலில் நன்றி. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த எட்டு மாதத்தில் மிக்ஸியை மூன்று முறை பழுது பார்த்து, மூன்றாம் முறை அதைக் கொன்றேன். உன் அத்தையின் மளிகை டப்பாக்களை எல்லாம், எது முதலில் தீருமோ அது முன்வரிசை என்று தொழிற்சாலை முறைப்படி அடுக்கி வைத்தேன். அன்றைக்குச் சாம்பாரில் கடுகுக்குப் பதிலாகக் கேழ்வரகு விழுந்தது. மறுநாள் காலையிலேயே அவள் உன் வண்டியை மறித்து நின்றாள். “கலை, உனக்குப் புண்ணியமாப் போவும், இந்த மனுஷன எங்கயாச்சும் ஒரு நாற்காலியில உக்கார வச்சிட்டு வா. சம்பளம்கூட வாணாம், மத்தியானம் சோறு நான் கட்டிக் குடுத்துர்றேன்” என்றாள். உலக வரலாற்றில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு இப்படி ஒரு வேலை விண்ணப்பம் போயிருக்காது. நீ சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தாய். “மாமா, ஒங்களுக்கு இன்னும் பிரெஞ்சு வருமா?” என்று கேட்டாய். வருமாவா! பத்தாம் வகுப்பு வரை பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். என் வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே கவர்னருக்கு மனு எழுதுவது ஒன்றுதான். ஊரில் பிரெஞ்சு கவர்னர் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் நிறுத்தவில்லை, நாங்களும் எழுதிக்கொண்டே இருந்தோம்.

உன் மேனேஜர் பிரேம்குமார் என்னை நேர்காணல் செய்தது நினைவிருக்கிறதா? “சார், கிளையன்ட் சர்வீஸ்ல உங்க அனுபவம் என்ன?” என்றார். “முப்பத்து மூணு வருஷமா கல்யாணம் ஆனவன் சார். காரணம் தெரியாமலே மன்னிப்புக் கேக்க வரும்” என்றேன். அந்த நிமிஷமே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நான் தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் அவர் உன் பக்கம் திரும்பி, “நீங்க லீவுல போற ஆறு மாசத்துக்குத்தானே? உங்க பொறுப்பு” என்றதும், நீ வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு “என் பொறுப்பு சார்” என்றதும் என் காதில் விழுந்தது. அந்த இரண்டு சொல்லை நான் மறக்கவில்லை கலை. அறுபது வயதில் ஒருவனை நம்பி ஒருத்தி பொறுப்பு ஏற்பது சின்ன விஷயமா?

பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வாரம் சொல்லிக்கொடுத்தாய். இந்தக் கம்பெனி விடுதிகளுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் விற்கிறது, அதைச் செய்கிறவர்கள் ஒரு பக்கம், அதை வைத்துக்கொண்டு திட்டுகிறவர்கள் மறுபக்கம், நடுவில் நின்று இரண்டு பக்கத்து அடியையும் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக இருப்பதுதான் நம் உத்தியோகம் என்று நான் மூன்றே நாளில் புரிந்துகொண்டேன். ஏழு வருஷத்துக்கு முன் போன் எடுக்கிற பெண்ணாக நீ இங்கே சேர்ந்தபோது, “எம்பிஏ படிச்சிட்டு டெலிபோன் ஆப்பரேட்டரா?” என்று கேட்டவன் நான்தான். இப்போது நீ எனக்கு விட்டுப்போன உன் நோட்டைப் பார்க்கிறேன். ஒவ்வொரு விடுதியிலும் கவுன்டரில் யார் இருக்கிறார், எந்த நேரத்தில் கூட்டம், யாருக்குக் காது மந்தம், யார் மகளுக்கு எப்போது பரீட்சை, யாரிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்று ஏழு வருஷத்து எழுத்து. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விதி. போனை நாம் முதலில் வைக்கக்கூடாது. தப்பு யாருடையது என்று அவர்கள் கேட்பதற்கு முன் சொல்லக்கூடாது, கேட்டால் மறைக்கக்கூடாது. முடிகிறதை மட்டும் சொல்ல வேண்டும், மிகைப்படுத்தக்கூடாது. முதல் இரண்டையும் நான் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தேன். மூன்றாவதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச வேண்டாம்.

நீ வெள்ளிக்கிழமை லீவில் போனாய், சனிக்கிழமையே வலி வந்துவிட்டது. திங்கட்கிழமை நான் தனியாக உன் நாற்காலியில் அமர்ந்தேன். முடிசூட்டு விழாவுக்கு உண்டான அத்தனை அம்சமும் இருந்தது, யானை மட்டும்தான் குறை. முதல் நாளே, பிரெஞ்சு பேசுகிற ரெயூனியன் தீவிலிருந்து நம் பெரிய கிளையன்ட் மதாம் ஜோஸ்லின், அதாவது தீவு முழுக்க ஏழு விடுதி வைத்திருக்கிற அந்த அம்மாள், ஒரு பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று எழுதினார். நான் என் வாத்தியாரை மனசில் கும்பிட்டுவிட்டு, ‘மேன்மை தங்கிய மதாம் அவர்களின் மலர்ப்பாதங்களுக்கு’ என்று தொடங்கி, தங்கள் கடிதம் கண்டு எங்கள் ஊர்க் கடலே ஒரு நிமிஷம் அலை அடிக்க மறந்தது என்று நடுவில் சேர்த்து, மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். எதிர் நாற்காலியில் இருக்கிற லமீஸ், உனக்குத் தெரியுமே, மென்பொருளில் எது உடைந்தாலும் சரி செய்கிற பெண், அவள் வாய்தான் இன்னும் சரி செய்யப்படவில்லை, எட்டிப் பார்த்தாள். “அங்கிள், அந்தம்மா கேட்டது பாஸ்வேர்டு. நீங்க அனுப்பியிருக்கறது பட்டாபிஷேகம். இதுல பாஸ்வேர்டு எங்க இருக்கு?” என்றாள். தேடிப் பார்த்தோம். இல்லை. அதற்குத் தனியாக இன்னொரு மூன்று பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

இப்போது விபத்துக்கு வருகிறேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள். இரண்டாவது வாரம் பிரேம்குமார் புது அழைப்பு முறையைப் போட்டார். அதில் அலுவலக நேரம் என்று சில கட்டங்கள். “சார், இத மட்டும் ஃபில் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டம் நான்கு இருந்தது. திறப்பு, மூடல், மறுபடி திறப்பு, மறுபடி மூடல். நீயே சொல், புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஒருவன் அதில் என்ன எழுதுவான்? நேரு வீதியில் எந்தக் கடைப் பலகையை வேண்டுமானாலும் போய்ப் பார். காலை ஒன்பது முதல் ஒன்று, மாலை நான்கு முதல் எட்டு. மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கும், நான்கு மணிக்கு ஏறும், நடுவில் சாட்சாத் எமன் வந்து கதவைத் தட்டினாலும் சாயங்காலம் வா என்று அனுப்பிவிடுவோம். எனக்கோ சோப்புத் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து மதியம் வரைதான் ஷிஃப்ட், முப்பது வருஷமாகச் சாப்பிட்ட கையோடு கண்ணை மூடினவன். நான் அப்படியே எழுதினேன். அந்நேரத்தில் அழைக்கிறவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இன்னொரு கட்டம் கேட்டது. விடுவேனா? ‘இப்போது எங்கள் நகரம் துயில் கொள்ளும் வேளை. கடற்காற்றும் எழாத இந்த நேரத்தில் தங்கள் குறையும் சற்றே இளைப்பாறட்டும். நான்கு மணிக்கு நாங்கள் விழித்ததும் அது எங்கள் குறையாகிவிடும்’ என்று பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி என் குரலிலேயே பதிவு செய்தேன்.

அடுத்த ஒன்பது நாள் இந்த மூன்றாம் மாடியில் நிலவிய அமைதியை என்ன சொல்ல! மத்தியானம் ஒரு போன் அடிக்கவில்லை. நம் உள்ளூர் விடுதிக்காரர்கள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அது வெகு இயல்பாகப் பட்டிருக்கிறது, அவர்களும் அந்நேரம் தூங்குகிறவர்கள்தானே. பிரேம்குமார் வந்து என் முதுகைத் தட்டினார். “சார், நீங்க வந்த ராசி, மத்தியானத்துல கம்ப்ளெய்ன்ட்டே இல்ல” என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். சத்தியமாக அது என் திறமை என்றுதான் நானும் நினைத்தேன் கலை.

ஆனால் ரெயூனியனுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு மத்தியானம் ஒன்று என்றால் அங்கே பதினொன்றரை, விடுதிகளில் ஒரு கூட்டம் காலி செய்து இன்னொரு கூட்டம் உள்ளே வருகிற நேரம். போன சனிக்கிழமை மதாமின் கடலோர விடுதிக்குக் கல்யாணக் கூட்டம், மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். கவுன்டரில் இருந்தவன் கை தவறி அவர்களுக்கு உரிய பன்னிரண்டு அறையிலும் இன்னொரு கூட்டத்தின் பெயரையும் ஏற்றிவிட்டான். ஒரு அறைக்கு இரண்டு பெயர் விழுந்ததும் நம் மென்பொருள் பயந்து போய்ப் பன்னிரண்டு அறையையும் பூட்டிக்கொண்டது, சாவி அட்டை தர மாட்டேன் என்றுவிட்டது. லமீஸ் நினைத்தால் ஆறு நிமிஷ வேலை. ஆனால் மதாம் அழைக்கும்போதெல்லாம் என் குரல் எழுந்து, நகரம் துயில் கொள்கிறது, தங்கள் குறையும் இளைப்பாறட்டும் என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாற்பத்தொரு தடவை அழைத்திருக்கிறார்! நான் அந்த நேரம் உன் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, உன் அத்தை கட்டிக்கொடுத்த வஞ்சிர வறுவலின் நினைவில் கண் அயர்ந்திருந்தேன்.

சரியாக நான்கு மணிக்குப் போன் அடித்தது. மதாம் கத்தவில்லை, அதுதான் பயங்கரம். “முசே, உங்கள் நகரம் விழித்துக்கொண்டதா?” என்று கேட்டார், அவ்வளவுதான். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம், யாரோ பெட்டியைத் தரையில் எறிகிற சத்தம். பிரேம்குமார் ஓடி வந்து திரையைப் பார்த்தார், பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “யாரு சார் போட்டது இந்த டைமிங்?” நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குகிற மாதிரி. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், அவங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. இந்த ஒரு கிளையன்ட் போனா இந்த டெஸ்க்கையே எடுத்துட்டு பெங்களூர்ல ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்துருவாங்க. கலைவாணி திரும்பி வந்தா உக்கார நாற்காலி இருக்காது, தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிலைமையை எழுத என்னிடமே வார்த்தை இல்லை என்றால் பார்த்துக்கொள். எழுபது கிலோ சோப்புப் பெட்டி காலில் விழுந்தபோதுகூட எனக்கு இப்படி வலித்ததில்லை. ஏழு வருஷம், மழையில் வெயிலில் ரெட்டியார்பாளையத்திலிருந்து உப்பளத்துக்கு வண்டி ஓட்டி, ஒவ்வொரு கவுன்டர்க்காரன் பெயராக எழுதி எழுதி நீ கட்டின ஒன்றை, மாமன் ஒரு மத்தியானத் தூக்கத்தில் இடித்துத் தள்ளிவிட்டான். “என் பொறுப்பு சார்” என்று சொன்னபோது நீ வயிற்றில் வைத்திருந்த அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது. லமீஸ் அதற்குள் தன் கணினியில் பாய்ந்துவிட்டாள். “அங்கிள், நான் ரூம தொறக்கறேன். நீங்க அந்தம்மாவ புடிச்சி வைங்க. கதை வாணாம். கதை மட்டும் வாணாம் அங்கிள்” என்றாள்.

“யார் தப்பு இது?” என்று மதாம் கேட்டார். நான் வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டாமல் குறைக்காமல் பேசினேன். “மதாம், நேரத்தைத் தப்பாகப் போட்டது நான். மென்பொருள்மீது தப்பில்லை, கம்பெனிமீது தப்பில்லை, உங்கள் கவுன்டர் பையன்மீதும் தப்பில்லை. நான் தூங்கிவிட்டேன்” என்றேன். அப்புறம் அவர் சொன்னார், அறை இனிமேல் திறந்தும் பிரயோஜனம் இல்லை, மாப்பிள்ளையின் தாய்மாமன் முசே ரெனே கோபித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார், எண்பது பேரையும் வேறு விடுதிக்குக் கூட்டிப்போகிறேன் என்று நிற்கிறார், நாளைக்குத் தீவு முழுக்க என் பெயர் நாறிவிடும் என்று.

தாய்மாமன்! கலை, என் உடம்பில் மின்சாரம் பாய்ந்தது. அந்தக் குடும்பம் நம் பக்கத்திலிருந்து தீவுக்குக் கப்பல் ஏறி நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கும். தமிழ் மறந்துவிட்டது, சாப்பாடு மாறிவிட்டது, பெயர் மாறிவிட்டது, தாய்மாமன் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது! இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே துறை அது. நான் ஐந்து கல்யாணத்தில் கோபித்துக்கொண்டவன். உன் கல்யாணத்திலேயே, போட்டோக்காரன் பேச்சைக் கேட்டுத் தாய்மாமன் மாலையை இரண்டாவதாகப் போட வைத்தார்கள் என்று மண்டபத்து வாசலில் பைக்மேல் போய் உட்கார்ந்துகொண்டேனே. யார் யாரோ வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். கடைசியில் பட்டுப்புடவையோடு, நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிய, மணப்பெண் நீயே வெளியே வந்தாய். என்னிடம் நியாயம் பேசவில்லை. போட்டோக்காரனைத் திட்டவும் இல்லை. “வாங்க மாமா” என்றாய். நான் முகத்தைத் திருப்பினேன். “வாங்க மாமா” என்றாய். நான் செருப்பைப் பார்த்தேன். மூன்றாம் முறை, “நீங்க வராம நான் உள்ள போமாட்டேன் மாமா” என்று பைக் பக்கத்தில் நின்றுகொண்டாய். அவ்வளவுதான், இந்த மலை உருகிவிட்டது.

அதனால் மதாமிடம், “போனை முசே ரெனேயிடம் கொடுங்கள்” என்றேன். வாங்கினார், குரலில் இடி இடித்தது. நான் அறையைப் பற்றிப் பேசவே இல்லை. “முசே, நானும் ஒரு தாய்மாமன். உங்களை எத்தனை தடவை உள்ளே கூப்பிட்டார்கள்?” என்று கேட்டேன். இடி நின்றது. “ஒரு தடவை” என்றார். “யார் கூப்பிட்டது?” “கவுன்டர் பையன்.” “ஒரே ஒரு தடவையா! அதுவும் கவுன்டர் பையனா!” என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டதில் பிரேம்குமார் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவர ஓடினார். பிறகு மதாமை வாங்கச் சொல்லி, “மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். மூன்று முறை கூப்பிடுங்கள். முதல் இரண்டு முறை வர மாட்டார், அதற்காக வருத்தப்படாதீர்கள், வந்தால்தான் தப்பு. மூன்றாவது முறை மாப்பிள்ளை, மாமா வராமல் நான் உள்ளே போக மாட்டேன் என்று சொல்லட்டும். உள்ளே வந்ததும் எல்லாரும் பார்க்க முதல் காபி அவருக்கு” என்றேன். நான் போனை வைக்கவில்லை. பஸ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது முறை அந்தப் பிள்ளை என்ன சொன்னானோ, எண்பது பேரும் கை தட்டுகிற சத்தம் இங்கே உப்பளம் வரைக்கும் கேட்டது. அதே நேரம் லமீஸ், “பன்னெண்டும் தொறந்தாச்சி” என்று கத்தினாள். மூன்றரை மணி நேரம் அந்தப் போன் என் காதை விட்டு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை மதாமிடமிருந்து கடிதம். ‘நான் முன்பே எழுதியபடி, இன்னும் மூன்று ஆண்டுகள் உங்களோடுதான்.’ முன்பே எழுதியபடி என்பது பிரெஞ்சுக்காரர்களின் மரியாதைப் பேச்சு என்று பிரேம்குமாருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் இந்த மூன்றாம் மாடி முழுக்க இனிப்பு கொடுத்தார். பெங்களூர்ப் பேச்சு அதோடு செத்தது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இருக்கிறது. ஜன்னலோரம், நீ வாங்கிப் போட்ட நீலத் திண்டோடு, ஒரு கீறல் இல்லாமல், சிங்காசனம்போல இருக்கிறது. தனி ஒருவனாக நின்று நான் காப்பாற்றிக் கொடுத்தேன். நேரத்தையும் திருத்திவிட்டோம், இப்போது மத்தியானம் முழுக்கப் போன் அடிக்கிறது, நான் முழித்துக்கொண்டுதான் எடுக்கிறேன். உன் நோட்டில் மதாமின் பக்கத்தில் முசே ரெனேயின் பெயரையும் எழுதிவிட்டேன்: ‘மூன்று முறை கூப்பிட வேண்டும்.’

விளையாட்டு போகட்டும். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய் உன் அத்தையிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “அப்ப நெஜமாவே ஒன்ன யாரோ கூப்புட்டு, நீ ஒருத்தருக்கு ஒதவி பண்ணியிருக்க” என்றாள். இன்னொரு துண்டு மீன் வைத்தாள். மேட்டுப்பாளையத்தில் நான் அனுப்பிய சோப்பு யார் கைக்குப் போனது என்று முப்பது வருஷத்தில் எனக்குத் தெரியாது. இங்கே ஒருவர் அழைக்கிறார், நான் எடுக்கிறேன், வைக்கும்போது அவர் கொஞ்சம் லேசாகியிருக்கிறார். இந்த வயதில் எனக்கு இதைக் கொடுத்தவள் நீ. தொழிலை நீ எங்கே கற்றாய் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன். உன் முதல் கிளையன்ட் அந்த மண்டபத்து வாசலில் பைக்மேல் உட்கார்ந்திருந்தவன்தான். நல்லா இரு கலை.

என் பேத்தி பதினாறும் பெற்று, அதில் பதினைந்தாவது செல்வமாகப் போனை முதலில் வைக்காத பொறுமையையும் பெற்று வாழ ஆசீர்வதிக்கிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம், ஆனால் அதைச் சொல்லிவிடாதே, எப்படி வந்தது என்று கேட்பாள். படித்ததும் கடிதத்தை வேப்பிலைக் கொத்துக்குப் பின்னால் ஒளித்து வை.

இப்படிக்கு,
இரு கரைக் குறைதீர்க்கும் சக்கரவர்த்தி,
உன் மாமன் கமலக்கண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லமீஸ் வந்து, பழைய கான்ட்ராக்ட் ஒன்றைத் தேடி பிரேம்குமார் அனுமதியோடு உன் மெயிலைத் திறந்ததாகச் சொன்னாள். நீ லீவில் போன அடுத்த திங்கட்கிழமையே, அதாவது நான் தூங்குவதற்குப் பல நாள் முன்பே, மதாம் மூன்று வருஷக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறார். அது அரிசி டிரம்முக்குள் கிடக்கிற உன் போனில் இத்தனை நாளும் படிக்கப்படாமல் இருந்திருக்கிறது. அதன் கீழே, அந்த வெள்ளிக்கிழமை நீ அவருக்கு எழுதியதும் இருக்கிறது: ‘நான் இல்லாதபோது என் மாமா இருப்பார். அவர் எது சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனை மட்டும் அவர் வைக்க மாட்டார்.’ ஆகவே மதாம் அழைத்தது நான்கு தடவை. நான் பேசியது இருபத்தொரு நிமிஷம். பஸ்ஸில் வந்தது எட்டுப் பேர், அது வேன், பூட்டிக்கொண்ட அறையும் பன்னிரண்டு இல்லை, இரண்டு. மேலே ‘நான் காப்பாற்றிக் கொடுத்தேன்’ என்று வருகிற இடத்தில் ‘நீ’ என்று திருத்திப் படித்துக்கொள். நாற்காலியில் ‘ஒரு கீறல் இல்லாமல்’ என்று எழுதியதும் பொய், அது மட்டும் என் கைவேலை: திங்கட்கிழமை சந்தோஷத்தில் அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன், இடது பக்கச் சக்கரம் கழன்று படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டது. இப்போது அந்தக் காலுக்கு என் பழைய பிரெஞ்சு அகராதியை முட்டுக் கொடுத்திருக்கிறேன். நீ வருவதற்குள் சரி செய்துவிடுவேன். மிக்ஸியைச் சரி செய்தவன் நான் என்பது உனக்கு நினைவிருக்கும்.